முதுகு ஆபரேஷனில் நரம்பு மானிட்டரிங்: மயக்க மருந்து ஏன் மாறுகிறது?

தாமிரபரணி | திங்கள், இரவு 10:42

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ஸ்கோலியோசிஸ். போன வருடம் 41 டிகிரி இருந்த முதுகு வளைவு இப்போது 56. பெல்ட் போட்டுப் பார்த்தாயிற்று, நிற்கவில்லை. அடுத்த மாதம் ஸ்க்ரூவும் ராடும் வைத்து நிமிர்த்தும் ஆபரேஷன். ஆறு ஏழு மணி நேரம் ஆகும் என்கிறார்கள்.

இன்று மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தோம். நல்லவர்தான், ஆனால் வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். மடமடவென்று சொன்னார்: “நரம்பு மானிட்டரிங் இருப்பதால் வழக்கமான மயக்கம் கிடையாது. கேஸ் வேண்டாம், முழுக்க ஊசி வழியாகத்தான். தசையைத் தளர்த்தும் மருந்து குழாய் போடும்போது மட்டும். தலையில் கரண்ட் கொடுப்போம், கை கால் துள்ளும். நாக்கு கடிபடலாம்.” கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

தளர்த்தும் மருந்து இல்லையென்றால் பாதியில் முழித்துக்கொள்ள மாட்டாளா? நரம்பைப் பார்க்கும் மெஷினுக்காக மயக்கத்தை ஏன் மாற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இரவு_டூட்டி | திங்கள், இரவு 11:15

அண்ணா, அக்காவை முதலில் தூங்கச் சொல்லுங்கள். நான் தியேட்டர் நர்ஸ். இந்த ஆபரேஷன் எங்களிடம் மாதம் நாலைந்து நடக்கும். துள்ளுவது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. முதல்முறை பார்க்கிற எங்களுக்குத்தான் தூக்கிவாரிப் போடும். விவரமாக டாக்டர்கள் யாராவது எழுதுவார்கள்.


ஊசிமுனை | செவ்வாய், காலை 6:05

நான் மயக்கவியல் டாக்டர். முதுகெலும்பு, மூளை ஆபரேஷன்களில்தான் என் பாதி நாள் போகிறது. டூட்டிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

சார், உங்கள் முதல் கேள்வியில் ஒரு தப்பான எண்ணம் ஒளிந்திருக்கிறது. எல்லோருக்கும் இருப்பதுதான். தளர்த்தும் மருந்து தூங்க வைப்பதில்லை, வலியையும் குறைப்பதில்லை. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் தடுப்புப் போட்டுத் தசையை அசையவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான். தூக்கத்துக்கு வேறு மருந்து, வலிக்கு வேறு மருந்து. அந்த இரண்டும் ஆபரேஷன் முடியும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

உண்மையில் விஷயம் நீங்கள் பயப்படுவதற்கு நேர் எதிர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மயக்கத்தின் நடுவே விழித்துக்கொண்டவர்களைப் பற்றி ‘நாப் 5’ என்று பெரிய கணக்கெடுப்பு நடத்தி 2014இல் வெளியிட்டார்கள். பொது மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் அப்படிப் புகார் சொல்லியிருந்தார். தளர்த்தும் மருந்து பெற்றவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 8,000 பேருக்கு ஒருவர். பெறாதவர்களில் சுமார் 1,36,000 பேருக்கு ஒருவர். ஏன் என்று யோசித்தால் புரியும். தசை கட்டப்படாதவருக்கு மயக்கம் லேசானால் விரல் அசையும், முகம் சுளியும், நாங்கள் பார்த்துவிடுவோம். கட்டப்பட்டவர் உள்ளே விழித்திருந்தாலும் காட்ட வழியில்லை.

இனி, மெஷினுக்காக மயக்கம் ஏன் மாற வேண்டும் என்பது. அங்கே இரண்டு வகைச் சோதனை நடக்கும். ஒன்று எஸ்எஸ்இபி. கணுக்காலின் உட்புறத்திலும் மணிக்கட்டிலும் சின்ன மின்துடிப்பு கொடுத்து, அது தண்டுவடம் வழியாக ஏறி மூளைக்கு வருகிறதா என்று உச்சந்தலையில் பார்ப்பார்கள். கையிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிசெகண்டு, காலிலிருந்து 37 அல்லது 40. இது உணர்ச்சிப் பாதை, தண்டுவடத்தின் பின்பக்கம் ஓடுவது. மற்றது எம்இபி. தலையில் மின்துடிப்பு கொடுத்துக் கட்டைவிரல் தசையும் கால் தசைகளும் துடிக்கின்றனவா என்று பார்ப்பது. இது இயக்கப் பாதை. இந்தப் பகுதிக்கு முன்பக்க ரத்தக்குழாய் ரத்தம் தருகிறது. முன்பக்கம் மட்டும் அடிபட்டால் எஸ்எஸ்இபி அழகாக இருக்கும்போதே கால் போயிருக்கலாம். அதனால்தான் இரண்டும்.

எம்இபியில் கடைசியாகப் பேசுவது தசை. அந்தத் தசையை நானே மருந்து போட்டுக் கட்டிவிட்டால் மெஷின் எதைப் படிக்கும்? கேஸ் விஷயமும் இதேதான். செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் எல்லாமே அளவு ஏற ஏற மூளைப் புறணியையும், தண்டுவடத்தில் இயக்க நரம்பு தசைக்குப் புறப்படுகிற அந்தச் சந்திப்பையும் அமுக்கும். நைட்ரஸ் ஆக்ஸைடும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஆகவே தூக்கத்துக்குப் புரோப்போஃபால், கூடவே வலிக்கு ஃபென்டனில் அல்லது ரெமிஃபென்டனில், தேவைப்பட்டால் கொஞ்சம் கெட்டமின். கெட்டமின் இந்தச் சிக்னல்களை அமுக்குவதற்குப் பதில் கொஞ்சம் தூக்கியே விடும்.

உங்கள் மகள் 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 100 முதல் 150 மைக்ரோகிராம் புரோப்போஃபால் என்றால் மணிக்கு 24 முதல் 36 மில்லி. 50 மில்லி சிரிஞ்ச் ஒன்றரை, இரண்டு மணிக்கொரு முறை தீரும். நான் தியேட்டரில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று கேட்டால், பாதி நேரம் அந்தச் சிரிஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


பழைய_தியேட்டர் | செவ்வாய், மதியம் 1:30

ஊசிமுனை நன்றாக எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறார் என்பது என் தாழ்மையான கருத்து. 31 வருடம் மயக்கம் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான்.

எங்கள் காலத்தில் இந்தப் பெட்டியெல்லாம் கிடையாது. பிரான்சில் ஸ்டாக்னாரா குழுவினர் 1973இல் எழுதிய விழிப்புச் சோதனைதான் கதி. ராட் வைத்து முடித்ததும் மயக்கத்தைக் குறைத்துப் பிள்ளையைப் பாதி எழுப்புவோம். குப்புறப் படுத்திருக்கும், முதுகு திறந்திருக்கும், வாயில் குழாய். காதருகே குனிந்து, “அம்மா, என் கையைப் பிடி” என்று சொல்ல வேண்டும். பிடித்தால் நாம் சொல்வது கேட்கிறது என்று பொருள். பிறகு, “கால் விரலை அசை.” அசைந்ததும் உடனே மறுபடி தூக்கம். கை பிடித்துக் கால் அசையாவிட்டால் ராடைத் தளர்த்த வேண்டியதுதான். முந்தின நாளே வார்டில் உட்கார்ந்து பிள்ளையிடம் ஒத்திகை பார்ப்போம். அந்த ஒத்திகையால் எங்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரிந்திருந்தது. இப்போதுள்ளவர்களுக்கு கேஸ் நம்பர் தெரியும்.

என் வாதம் இதுதான். சிக்னலுக்காகக் கேஸை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. பாதி மாக் கேஸும் கொஞ்சம் புரோப்போஃபாலும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்னல் வரும். கேஸில் ஒரு நிம்மதி உண்டு: மூச்சுக்காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் எண்ணாகத் தெரியும். ஊசி மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பம்ப் போடுகிற கணக்கு அது, அளந்த கணக்கு அல்ல. கையில் போட்ட ஊசி நழுவி மருந்து தோலுக்கடியில் போனால் பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மாக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கத்தி வைக்கும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான கேஸ் அளவு. பாதி மாக் என்றால் அதில் பாதி.


மின்முனை | செவ்வாய், இரவு 8:50

மானிட்டரிங் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் நான். டாக்டர் இல்லை, நியூரோபிசியாலஜி டெக்னாலஜிஸ்ட். தியேட்டரில் எல்லோரும் என்னைத் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். சிக்னல் இருந்தால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. போனால், “மெஷின் சரியாக இருக்கிறதா பாருங்கள்” என்பார் சர்ஜன்.

பழைய_தியேட்டர் ஐயா, விழிப்புச் சோதனை பற்றிச் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அது ஒரு புகைப்படம். எடுத்த அந்த நிமிடம் மட்டும்தான் தெரியும். கால் எப்போது போனது, எந்த ஸ்க்ரூவில் போனது என்று சொல்லாது. எனக்குச் சில நிமிடத்துக்கொரு முறை படம் கிடைக்கிறது.

ஆனால் அந்தப் படத்தைப் படிப்பதில்தான் வேலையே இருக்கிறது. தாமிரபரணி சாருக்கும் இது புரியட்டும் என்று எழுதுகிறேன். காலில் சிக்னல் குறைகிறது. உடனே தண்டுவடம் அடிபட்டது என்று கத்த முடியுமா? முதலில் கையைப் பார்ப்பேன். ஆபரேஷன் நடப்பது மார்புப் பகுதி முதுகில். கைக்குப் போகும் நரம்புகள் அதற்கு மேலேயே கழுத்தில் பிரிந்துவிடுகின்றன. கையும் காலும் சேர்ந்து குறைந்தால் காரணம் பொதுவானது: மயக்கம் ஆழமாகிவிட்டது, பிரஷர் இறங்கிவிட்டது, உடம்பு குளிர்ந்துவிட்டது. கை நன்றாக இருந்து கால் மட்டும் போனால் அப்போதுதான் அடிவயிறு கலங்கும். ஒரு கை மட்டும் போனால் அநேகமாகப் படுக்கவைத்த விதம்.

எஸ்எஸ்இபியில் இன்னொரு தடயமும் உண்டு. உச்சந்தலையில் எடுப்பதோடு கழுத்திலும் ஒரு பதிவு எடுப்போம். மயக்க மருந்து புறணியைத்தான் அதிகம் அமுக்கும், கழுத்தில் வரும் அலையை அவ்வளவாகத் தொடாது. உச்சந்தலை அலை சுருங்கிக் கழுத்து அலை அப்படியே இருந்தால், பம்ப் பக்கம் திரும்பி, “டாக்டர், ஏதாவது கொடுத்தீர்களா?” என்று கேட்பேன். பத்தில் எட்டு முறை, “ஆமாம், சிரிஞ்ச் மாற்றினேன், கூட ஒரு டோஸ் தட்டினேன்” என்று பதில் வரும். இந்தப் பத்தில் எட்டு என் அனுபவம், ஆராய்ச்சி அல்ல!

அதனால் நான் மயக்க மருந்து டாக்டர்களிடம் கேட்பது இதுதான். எதைக் கொடுத்தாலும் நிலையாகக் கொடுங்கள். கேஸா ஊசியா என்ற சண்டையெல்லாம் எனக்கு இரண்டாவது. பாதி மாக்கில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இருந்தால் அதை வைத்தே அடிக்கோடு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்ப அளவு, போட்டுக்கொள்வேன். இப்போது 0.3, அரை மணியில் 0.7, திரும்ப 0.4 என்று ஏறி இறங்கினால் நான் படிப்பது தண்டுவடத்தையா, உங்கள் கைராசியையா?

எஸ்எஸ்இபி மெதுவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலை மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும். மூளையின் சொந்த அலைகளுக்குள் அது முங்கிக் கிடக்கும். நூற்றுக்கணக்கான முறை துடிப்பு கொடுத்துச் சராசரி எடுத்தால்தான் வெளியே வரும். உயரம் 50 சதவீதம் குறைந்தாலோ, வரும் நேரம் 10 சதவீதம் தள்ளிப்போனாலோ எச்சரிக்கை. எம்இபி ஒரே தட்டில் தெரிந்துவிடும். அதற்கு எவ்வளவு குறைந்தால் கத்துவது என்பதில்தான் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். சிலர் அறவே மறைந்தால்தான் என்பார்கள், சிலர் 80 சதவீதம் என்பார்கள்.


ஊசிமுனை | செவ்வாய், இரவு 11:20

பழைய_தியேட்டர் சார், ஊசி நழுவும் பயம் முற்றிலும் நியாயம். குப்புறப் படுத்தால் கையெல்லாம் துணிக்கு அடியில் போய்விடும். அதனால்தான் நான் மருந்து போகிற ஊசியைக் கண்ணில் படும்படி வைக்கச் சொல்லிச் சண்டை போடுவேன். நெற்றியில் பிஐஎஸ் பட்டையும் ஒட்டுவேன், மூளை அலையை வைத்து மயக்கத்தின் ஆழத்தை எண்ணாகக் காட்டுவது. அது கச்சிதமான கருவி அல்ல, இருந்தாலும் எண் 40–60ஐ விட்டு ஏறினால் ஊசியைப் போய்ப் பார்க்கச் சொல்கிற மணியாக உதவும்.

ஆனால் பாதி மாக் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. நல்ல நரம்புள்ள 15 வயதுப் பிள்ளைக்குச் சரி. ஏற்கெனவே கால் பலவீனமான பிள்ளைக்கும், தசைநோயால் வளைந்த முதுகுக்கும், சின்னக் குழந்தைகளுக்கும் அடிக்கோடே மெல்லிசாக இருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் கேஸ் தின்றுவிடும். குழந்தைகளில் அந்த நரம்புப் பாதையின் உறை இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு, எனக்குப் பிடித்தது. தலையோட்டைத் திறக்காமல் மேலிருந்தே மின்துடிப்பு கொடுத்துக் கையை அசைக்க முடியும் என்று லண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் 1980இல் காட்டினார்கள். விழித்திருப்பவர்களுக்கு அது வேலை செய்தது. தியேட்டருக்குள் கொண்டுவந்தால் மயக்கத்தில் ஒரு துடிப்பு போதவில்லை. தண்டுவடத்து நரம்பணுவை மருந்து அமுக்கி வைத்திருக்கிறது, ஒரு தட்டுக்கு அது எழுந்திருக்காது. 1990களில்தான் அடுத்தடுத்து நாலைந்து துடிப்புகளைச் சரமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்து அணுவைத் தட்டி எழுப்பிவிட்டது. எம்இபி பரவியது அதற்குப் பிறகுதான். மயக்க மருந்தோடு சமரசம் செய்துகொண்டு பிறந்த சோதனை இது!

நீண்ட ஆபரேஷனில் மருந்து மாறாமலே எம்இபி மெல்ல மெல்ல மங்குவதும் உண்டு. அதே துடிப்புக்கு இன்னும் அதிக வோல்ட் தேவைப்படும். ஐந்தாவது மணியில் அது மங்கலா, அடியா என்று சொல்வது மின்முனை போன்றவர்களின் கெட்டிக்காரத்தனம்.


பழைய_தியேட்டர் | புதன், காலை 7:10

//எதைக் கொடுத்தாலும் நிலையாகக் கொடுங்கள்//

இதை ஒப்புக்கொள்கிறேன். சண்டை முடிந்தது என்று அர்த்தமில்லை.


ஸ்ருதி_டீச்சர் | புதன், காலை 10:25

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பாட்டு டீச்சர். மூன்று வருடம் முன்பு தைராய்டு முழுதாக எடுத்தார்கள். குரல் நரம்பைப் பார்க்க மானிட்டர் வைப்பதாகச் சொன்னார்கள். நான் இருந்த இடத்தின் பெயர் வேண்டாம். கண் விழித்ததும் குரல் காற்றாக இருந்தது. ஏழு மாதம் கழித்துத் திரும்பியது, மேல் ஸ்தாயி இன்னும் முன்போல் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, மானிட்டர் அன்று “சரியாகப் பிடிக்கவில்லை” என்று. அதுவும் மயக்க மருந்தாலா?


வன்னிமரம் | புதன், பிற்பகல் 3:40

அக்கா, நான் யாழ்ப்பாணத்துப் பொடியன், இப்ப வெளிநாட்டில தைராய்ட் சத்திரசிகிச்சையில பயிற்சி எடுக்கிறன். உங்கட கேஸில் என்ன நடந்ததென்று சொல்ல என்னால் ஏலாது. பொதுவாக எப்படிப் பிழைக்கும் என்று எழுதுகிறேன்.

குரல்நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்ட்டுக்குப் பின்னால் ஏறிப்போகிறது. மூச்சுக்குழாய்க்குள் போடும் குழாயிலேயே மின்முனைகள் பதித்த ஒரு வகை உண்டு. அந்த மின்முனைகள் குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சத்திரசிகிச்சை செய்பவர் நரம்பை 1 அல்லது 2 மில்லிஆம்பியரால் தட்டினால் நாண் துடிக்கும், குழாய் அதைப் பிடித்துக் காட்டும்.

இதில் மயக்கமருந்து வைத்தியரின் பங்கு மூன்று இடத்தில். முதலாவது குழாயின் அளவும் ஆழமும். கழுத்தைப் பின்னால் நீட்டிப் படுக்கவைத்ததும் குழாய் நகரும். மின்முனை நாணை விட்டு விலகிவிட்டால் நரம்பு நல்லாயிருந்தாலும் திரையில் ஒன்றும் வராது. நீட்டிய பிறகு திரும்ப ஒருக்கால் பார்க்காமல் விடுவதுதான் நான் கண்ட பெரிய பிழை. இரண்டாவது தளர்த்தும் மருந்து. ரொக்குரோனியத்தை வழமையான அளவில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நரம்பைத் தேடும் நேரத்தில் தசை இன்னும் கட்டுண்டு கிடக்கும். குறைந்த அளவு கொடுக்கலாம், சீக்கிரம் தேய்ந்துபோகும் சக்சினைல்கோலின் கொடுக்கலாம், அல்லது சுகமடெக்ஸ் என்ற மாற்றுமருந்தால் முறிக்கலாம். ஆழமான கட்டைப் பழைய மாற்றுமருந்தான நியோஸ்டிக்மினால் உடனே அவிழ்க்க முடியாது. மூன்றாவது சின்ன விஷயம்: குழாய் வழுக்கிப் போகட்டும் என்று மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லி பூசுவது, நாணில் ஸ்பிரே அடிப்பது. இதில் செய்யக்கூடாது.

தொடக்கத்தில் குரல் நரம்பு பிரிந்து வரும் தாய் நரம்பான வேகஸைத் தட்டிப் பார்க்கும்போது 500 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் வந்தால் சந்தோசம். நன்றாக வந்த சிக்னல் பிறகு 100க்குக் கீழே விழுந்தால், குழாயைப் பார்த்து, தசைத் தளர்வைப் பார்த்து, எல்லாம் சரியென்றால் அது உண்மையான இழப்பு.

மானிட்டர் வைத்தால் நிரந்தரக் குரல் இழப்பு குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கண்ணால் நரம்பைத் தேடிக் காண்பதுதான் இன்றைக்கும் அடிப்படை. ஆனால் ஒரு பக்கம் முடித்ததும் சிக்னல் போய்விட்டதென்றால் மற்றப் பக்கத்தை இன்னொரு நாளைக்கு ஒத்திப்போடலாம். இரண்டு பக்க நாணும் ஒன்றாய் விழுந்தால் மூச்சே அடைபடும், தொண்டையில் துளை போட வேண்டிவரும். அந்த ஒரு முடிவுக்காகவே நான் இதை விடமாட்டேன்.


ஸ்ருதி_டீச்சர் | புதன், மாலை 6:02

நன்றி தம்பி. ஜெல்லி வரைக்கும் இவ்வளவு இருக்கிறதா! என் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லை.


கணக்கன் | புதன், இரவு 9:30

ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மச்சானுக்கு இடுப்பில் ஒரு டிஸ்க். சின்ன ஆபரேஷன். பில்லில் ‘நியூரோ மானிட்டரிங்’ என்று தனியாக ஒரு பெரிய தொகை. இதெல்லாம் உண்மையில் தேவையா, இல்லை பெட்டி வாங்கிவிட்டோம் என்று எல்லோருக்கும் போடுகிறார்களா? இது வந்த பிறகு கால் போவது குறைந்தது என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?


ஊசிமுனை | வியாழன், காலை 5:55

கணக்கன், நல்ல கேள்வி. கோபமே இல்லை.

பாதிப் பேருக்கு வைத்து, பாதிப் பேருக்கு வைக்காமல் குலுக்கிப் போட்டுப் பார்க்கிற ஆய்வுதான் சுத்தமான நிரூபணம். எந்தப் பெற்றோர் அதற்குச் சம்மதிப்பார்? அதனால் நம்மிடம் இருப்பது பெரும்பாலும் பின்னோக்கிப் பார்த்த கணக்குகள். 1995இல் அமெரிக்க சர்ஜன்களிடம் கேட்டு 50,000க்கும் மேற்பட்ட ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன்களைத் தொகுத்தார்கள். அனுபவமுள்ள குழு எஸ்எஸ்இபி பார்த்த இடங்களில் நரம்புச் சேதம் குறைவு என்று வந்தது. அந்தத் தொகுப்பிலேயே இன்னொன்றும் உண்டு: சிக்னல் நன்றாக இருந்தும் சேதமானவர்களும் இருந்தார்கள். எண்ணிக்கை சொற்பம், ஆனால் இருந்தார்கள்.

ஆகவே முதுகு நிமிர்த்தும் ஆபரேஷன், தண்டுவடத்துக்கு உள்ளே இருக்கும் கட்டி, காது நரம்புக் கட்டி போன்றவற்றில் நான் தயங்க மாட்டேன். சாதாரண ஒற்றை டிஸ்க்குக்கு எல்லோருக்கும் தேவை என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் மச்சான் கேஸ் எனக்குத் தெரியாது. கேள்வி கேட்டது சரிதான்.


மின்முனை | வியாழன், காலை 9:12

என் பிழைப்பில் கை வைத்தாலும் ஊசிமுனை சொன்னது சரி :)

தண்டுவடக் கட்டி என்றதும் ஒன்று. அதில் டி அலை என்று ஒன்று எடுப்போம். தண்டுவடத்தின் மேலேயே மெல்லிய கம்பி வைத்து, மூளையிலிருந்து இறங்குகிற அலையை நேராகப் பிடிப்பது. நடுவில் தசையும் இல்லை, சந்திப்பும் இல்லை. அதனால் கேஸும் தளர்த்தியும் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. தசைத் துடிப்பு மறைந்து டி அலை பாதிக்கு மேல் நின்றால், காலில் பலவீனம் வந்தாலும் பெரும்பாலும் திரும்பும் என்று சர்ஜனிடம் சொல்லலாம். ஸ்கோலியோசிஸில் இதை நம்ப முடியாது, முதுகு நகர நகரக் கம்பியின் இடமும் மாறும்.

காதில் சத்தம் கொடுத்து மூளைத்தண்டில் அலை வருகிறதா என்று பார்க்கிற பிஏஇபியும் இப்படித்தான், காது நரம்புக்கு வைப்பது; மயக்க மருந்தெல்லாம் அதற்குத் தூசு. எல்லாச் சிக்னலும் மயக்கத்துக்குச் சுருண்டுவிடும் என்று யாரும் எழுதி வைத்துவிட வேண்டாம்.


தாமிரபரணி | வியாழன், இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. மூன்று முறை படித்தேன். மனைவிக்கு அந்த 1,36,000 கணக்கைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

இப்போது வேறு பயம். சிக்னல் போனால் என்ன செய்வார்கள்? அடுத்த வாரம் டாக்டரை மறுபடி பார்க்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?


ஊசிமுனை | வெள்ளி, காலை 6:20

சிக்னல் போனால் முதலில் சர்ஜன் கையை எடுப்பார். பாட்டு ஓடினால் நிற்கும். நான் மருந்து ஏதும் கூடியதா, சிரிஞ்ச் நின்றதா, தளர்த்தி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மணிக்கட்டில் மின்துடிப்பால் நாலு தட்டு தட்டினால் கட்டைவிரல் நாலு முறையும் ஒரே பலத்தில் துடிக்க வேண்டும். தேயத் தேயத் துடித்தால் மருந்து மிச்சம் இருக்கிறது. அதே நேரம் பிரஷரை ஏற்றுவேன், சராசரி 85க்கு மேல். ஹீமோகுளோபின் எவ்வளவு, சூடு எவ்வளவு, கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு என்று பார்ப்பேன். மின்முனை வயரைப் பார்ப்பார். இதெல்லாம் ஐந்து நிமிடத்தில். அப்போதும் வராவிட்டால் கடைசியாகச் செய்ததைச் சர்ஜன் திருப்பிச் செய்வார்: ஸ்க்ரூவை எடுப்பது, ராடைத் தளர்த்துவது. அதற்கும் மேல் போனால் பழைய_தியேட்டர் சாரின் விழிப்புச் சோதனைதான். அது இன்னும் சாகவில்லை சார்.

பிரஷர் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் ரத்தம் குறைவாகப் போகட்டும் என்று வேண்டுமென்றே பிரஷரை இறக்கி வைப்போம். ராடை இழுத்து நிமிர்த்தும்போது தண்டுவடமும் நீள்கிறது, அதன் ரத்தக்குழாய்களும் இழுபடுகின்றன. அந்த நேரத்தில் பிரஷரும் இறங்கியிருந்தால் அது பட்டினி கிடக்கும். இப்போது ரத்தப்போக்குக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுக்கிறோம். நிமிர்த்தும் கட்டத்தில் பிரஷரை முன்கூட்டியே தூக்கிவிடுகிறேன்.

கேட்க வேண்டியது: வலிப்பு வந்ததுண்டா, தலையில் ஆபரேஷன் நடந்ததுண்டா, உடம்பில் பேஸ்மேக்கர், காதுக் கருவி போல ஏதாவது உண்டா என்று அவர்கள் உங்களிடம் கேட்டார்களா பாருங்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். விழிப்புச் சோதனைக்கு வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.


இரவு_டூட்டி | வெள்ளி, காலை 8:00

அண்ணா, ஆட்டம் காணும் பல் இருந்தாலும், பல்லில் கம்பி போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். தலையில் கரண்ட் கொடுக்கும்போது தாடை கடித்துக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்ப வேண்டாம், எலெக்ட்ரோடு பிடிக்காது. முந்தின நாள் குளிப்பாட்டி இரட்டைச் சடை போட்டு விடுங்கள், நடு உச்சி காலியாக இருக்கட்டும்.


தாமிரபரணி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:45

ஆபரேஷன் முடிந்து எட்டு நாள். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். கால் இரண்டும் நன்றாக அசைகிறது. நடக்கிறாள், மெதுவாக.

ஒன்று நடந்ததாம். மூன்றாவது மணியில் அலாரம். எந்தக் காலென்று கேட்டேன். கால் இல்லை, இடது கை! குப்புறப் படுக்கவைத்தபோது வைத்த திண்டு நகர்ந்து தோள் அழுந்தியிருந்ததாம். கையைக் கொஞ்சம் இறக்கி வைத்ததும் பத்து நிமிடத்தில் சிக்னல் திரும்பிவிட்டது. டாக்டர் சொன்னபோது, “ஒரு கை மட்டும் போனால் படுக்கவைத்த விதம்தானே?” என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். மின்முனை சார், உங்களால் வந்தது.

பாதியில் எதுவும் தெரிந்ததா என்று மகளிடம் கேட்டோம். வார்டில் ஊசி போட்டதுகூட ஞாபகமில்லை என்கிறாள். முதுகு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் வாயைத் திறந்து நாக்கைக் காட்டுகிறாள். ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. எட்டு நாளாகத் தயிர்சாதம்தான், சாம்பார் பட்டால் எரிகிறதாம்.


பழைய_தியேட்டர் | ஞாயிறு, மாலை 6:30

குழந்தைக்கு என் ஆசிகள். நாக்கு ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும், கவலை வேண்டாம்.

மின்முனை, இத்தனை லட்சம் போட்டுப் பெட்டி வாங்குகிறீர்கள், நாக்கைக் காப்பாற்ற வழி இல்லையா?


மின்முனை | ஞாயிறு, இரவு 9:15

ஐயா, வழி இருக்கிறது. கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் இரண்டு பக்கமும் மெத்தென்ற துணிச்சுருள் வைக்க வேண்டும், நாக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைத்திருப்பார்கள். மல்லாந்து இருக்கும்போது வைத்துவிட்டு, குப்புறத் திருப்பிய பிறகு மறுபடி வாயைப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. முகம் கீழே, சுற்றிலும் துணி, குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். அது யார் வேலை என்று என் தியேட்டரில் இன்னும் முடிவாகவில்லை. நான் மயக்க மருந்து டாக்டர் என்கிறேன், அவர் என்னைச் சொல்கிறார்.


ஊசிமுனை | ஞாயிறு, இரவு 9:40

என் தியேட்டரில் நான்தான் குனிகிறேன். முட்டி வலிக்கிறது.